கரடியின் முதுகில் கழுகு: ஜெர்மன் நகரங்களின் இலச்சினைகளை வாசிப்பது எப்படி?

ஜெர்மனியின் வடபகுதியில் இரண்டு துறைமுக நகரங்கள் உள்ளன. ஹாம்பர்கின் இலச்சினையில் சிவப்புத் தளத்தின் மேல் வெள்ளைக் கோட்டை ஒன்று நிற்கிறது. அதன் கதவு மூடியிருக்கிறது. பிரெமனின் இலச்சினையில் அதே சிவப்புத் தளத்தின் மேல் ஒரு வெள்ளிச் சாவி. ஹாம்பர்க் உலகத்தின் வாசலாக இருக்கலாம், ஆனால் சாவி எங்களிடம்தான் இருக்கிறது என்று பிரெமன்காரர்கள் பெருமை பேசுவது வழக்கம்.

கேட்க இனிக்கும் விளக்கம்தான். ஆனால் அந்தச் சாவி ஹாம்பர்கின் கதவுக்காகச் செய்யப்பட்டதல்ல. பிரெமன் பேராலயம் புனித பேதுருவின் பெயரால் எழுந்தது. விண்ணரசின் திறவுகோல்களை இயேசு பேதுருவிடம் ஒப்படைத்தார் என்பது கிறிஸ்தவ மரபு. அவர் கைச்சாவியே நகரத்தின் அடையாளமாயிற்று. ஹாம்பர்கின் கோட்டைக்கு மேலே இருக்கும் விண்மீன்கள் அன்னை மரியாவைக் குறிப்பவை. அதாவது, இரண்டு நகரங்களும் தத்தம் பாதுகாவலரைத்தான் தாங்கி நின்றன. போட்டிக் கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

ஜெர்மனியில் 10,000-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. பெருநகரம் முதல் சில நூறு பேர் வாழும் சிற்றூர் வரை பெரும்பாலானவற்றுக்குச் சொந்த இலச்சினை உண்டு. பலவற்றுக்குக் கொடியும் உண்டு. இவற்றின் பொருள் என்ன என்று கேட்டால், சிவப்பு வீரத்துக்கு, நீலம் விசுவாசத்துக்கு, சிங்கம் வலிமைக்கு என்று அகராதி போல ஒரு பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலைக் கொண்டு எந்த ஊர் இலச்சினையையும் உண்மையாக வாசிக்க முடியாது. எந்த உருவத்தை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், எந்த உரிமையின் பெயரால் வைத்தார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால்தான் கேடயம் பேசத் தொடங்கும். அப்படிப் பேசும்போது அது அழகுப் பொருளாக இல்லாமல், அதிகாரத்துக்காக நடந்த நீண்ட வழக்கின் ஆவணமாக நம் முன் நிற்கும்.

முத்திரையிலிருந்து கேடயத்துக்கு

போர்க்களத்தில் முகம் மறைந்த வீரனை அடையாளம் காண 12ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் கேடயச் சின்னங்கள் பரவின. நகரங்கள் இந்த வழக்கத்துக்கு வந்த பாதை வேறு. அவற்றுக்குத் தேவைப்பட்டது முத்திரை. ஒப்பந்தம், கடன் பத்திரம், சமாதான உடன்படிக்கை எதுவானாலும் நகரத்தார் அனைவரும் ஒரே ஆளாக நின்று கையெழுத்திட்டதற்குச் சமம், பத்திரத்தில் பதியும் அந்த மெழுகு முத்திரை. தனக்கென முத்திரை வைத்துக்கொண்ட ஊர், தன்னைச் சட்டத்தின் முன் பேசும் ஓர் உடலாக அறிவித்துக்கொண்டது.

கொலோன் நகர முத்திரைக்கு 1149ஆம் ஆண்டிலேயே சான்று இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய நகர முத்திரைகளுள் அது ஒன்று. மதிலும் கோபுரங்களும் சூழ, நடுவில் பேதுரு அரியணையில் வீற்றிருக்கிறார். அக்கால நகர முத்திரைகள் பலவற்றின் இலக்கணமும் இதுதான்: மதில், வாயில், கோபுரம், காக்கும் புனிதர். மதில் என்பது வெறும் கட்டடம் அல்ல. சுற்றியுள்ள நாட்டுப்புறத்தின் சட்டம் முடிந்து நகரச் சட்டம் தொடங்கும் எல்லை அது. இன்றும் எண்ணற்ற ஜெர்மன் இலச்சினைகளில் காணும் கோட்டைவாயிலுக்கு இதுவே மூலம்.

முத்திரைக்கு நிறம் கிடையாது. பிற்பாடு அதே உருவம் கொடியிலும் நகரவாயிலிலும் நாணயத்திலும் ஏறியபோதுதான் வண்ணமும் எளிமையும் வேண்டியிருந்தன. நெருக்கமான முத்திரைச் சித்திரத்திலிருந்து ஓர் உருவத்தை மட்டும் பெயர்த்தெடுத்துக் கேடயத்தில் வைத்தார்கள். முழுப் பேதுருவின் இடத்தில் சாவி மட்டும் நின்றது. ரீகன்ஸ்பர்கில் அப்படி இரண்டு சாவிகள் குறுக்காக நிற்கின்றன.

ஒரே போர், மூன்று நகரங்கள்

1288இல் கொலோனுக்கு வடக்கே வோரிங்கன் என்ற இடத்தில் நடந்த போர், இலச்சினையில் அரசியல் எப்படித் தங்குகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். கொலோன் பேராயர் ஒரு பக்கம்; பிரபாண்ட் கோமகன், பெர்க் பிரபு, அவர்களோடு கொலோன் நகர மக்கள் மறுபக்கம். பேராயர் தோற்றார். கொலோன் அவர் ஆட்சிப்பிடியிலிருந்து நடைமுறையில் விடுபட்டது.

பேராயரின் அடையாளம் வெள்ளித் தளத்தில் கறுப்புச் சிலுவை. கொலோனின் கேடயத்தில் அது இல்லை. அங்கே இருப்பவை மூன்று கிரீடங்கள். 1164இல் மிலான் நகரிலிருந்து பேராயர் ரைனால்ட் கொண்டுவந்த, மூன்று ஞானியருடையவை என்று நம்பப்பட்ட திருவுடல் எச்சங்களைக் குறிப்பவை அவை. கீழே பதினொரு கறுப்புக் குறிகள், எர்மின் என்ற குளிர்நாட்டு விலங்கின் வால்நுனி வடிவில். பிரித்தானி நாட்டு இளவரசி ஊர்சுலாவும் அவருடன் 11,000 கன்னியரும் கொலோனில் மறைசாட்சிகளாக மாண்டார்கள் என்ற புனிதக் கதையின் நினைவு அது. 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தக் கறுப்புக் குறிகள் கேடயத்தில் ஏறின. பேராயரை ஏற்காத நகரம், பேராலயத்தின் புனிதர்களைத் தன்னவர்களாக வைத்துக்கொண்டது. பக்தியும் அரசியலும் இங்கே ஒரே முடிச்சு.

பேராயர்கள் பின்னர் தங்கள் இருப்பிடமாகக் கொண்ட ஊர் பான். அதன் கேடயத்தின் மேற்பாதியில் அந்தக் கறுப்புச் சிலுவை அப்படியே இருக்கிறது. கீழே சிவப்பில் பொற்சிங்கம். போரில் வென்ற பெர்க் பிரபு, அதே 1288இல், ரைன் கரையிலிருந்த டூசல்டார்ஃபுக்கு நகர உரிமை அளித்தார். அந்நகரின் இலச்சினையில் பெர்க் குலத்தின் இரட்டைவால் செஞ்சிங்கம் ஆற்றுத்துறையைக் குறிக்கும் நங்கூரம் ஒன்றைப் பிடித்து நிற்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று ரைன் நகரங்கள். ஒன்றில் புனிதர்கள், ஒன்றில் பேராயர், ஒன்றில் பிரபு. மூன்று கேடயங்களையும் அருகருகே வைத்தால் அந்தப் போரின் விளைவை வரைபடம் இல்லாமலே படித்துவிடலாம்.

யாருடைய ஊர்?

ஜெர்மன் நகர இலச்சினைகளில் அதிகம் காணும் விலங்குகள் சிங்கமும் கழுகும். இவை ஊரின் குணத்தைச் சொல்வதில்லை. ஊர் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தது என்பதைச் சொல்கின்றன. கழுகு பெரும்பாலும் பேரரசருடையது. இடையில் எந்தச் சிற்றரசனும் இல்லாமல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட நகரங்கள் அதைப் பெருமையுடன் ஏந்தின. 1226இல் அந்த உரிமையைப் பெற்ற லூபெக்கில் இரட்டைத்தலைக் கழுகு. ஃபிராங்க்ஃபர்டில் சிவப்பின் மேல் வெள்ளைக் கழுகு. ஆகனில் பொன்னின் மேல் கறுப்புக் கழுகு.

சிங்கம் பெரும்பாலும் ஒரு குலத்தின் உரிமைக்குறி. லைப்சிக்கிலும் டிரெஸ்டனிலும் ஒரே மைசன் சிங்கமும் ஒரே லாண்ட்ஸ்பெர்க் நெடுங்கோடுகளும் இருப்பதற்குக் காரணம், இரண்டும் வெட்டின் குலத்தின் ஆட்சியில் வளர்ந்தவை என்பதே. கோடுகள் லைப்சிக்கில் நீலம், டிரெஸ்டனில் கறுப்பு. வடக்கே கீல் நகரத்தில் ஹோல்ஸ்டைன் பிரபுக்களின் காஞ்சொறி இலையும் அதன் மேல் ஒரு படகும் உள்ளன. ஆண்ட குலத்தின் இலை, ஊரின் படகு.

மைன்ஸ் பேராயர்களின் சக்கரம் இன்னும் தொலைவுக்குப் போயிற்று. மைன்ஸ் இலச்சினையில் சிலுவையால் இணைந்த இரண்டு சக்கரங்கள் உள்ளன. வெகுதூரம் கிழக்கே, துரிங்கியாவிலுள்ள எர்ஃபுர்டின் கேடயத்திலும் அதே ஆறு ஆரக்கால் வெள்ளிச் சக்கரம். எர்ஃபுர்ட் நூற்றாண்டுக் கணக்கில் மைன்ஸ் பேராயரின் உரிமைக்குள் இருந்தது. ஆனால் வடமேற்கே ஓஸ்னாப்ரூக்கில் காணும் கறுப்புச் சக்கரத்துக்கு மைன்ஸோடு உறவில்லை. அது ஓஸ்னாப்ரூக் ஆயருடைய சொந்தச் சின்னம். உருவம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நம்புகிறவர் இங்கே வழி தவறுவார்.

மைன்ஸ் சக்கரத்துக்கு ஒரு கதை உண்டு. 975 முதல் 1011 வரை பேராயராக இருந்த வில்லிகிஸ் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சரின் மகன். பிறப்பை மறக்காதிருக்கத் தன் சுவரில் சக்கரம் வரைந்து வைத்தார் என்பார்கள். நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் பேராயர்களின் முத்திரைகளில் சக்கரம் தலைகாட்டுவது 13ஆம் நூற்றாண்டில்தான். இரண்டு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கதை நிரப்பியிருக்கிறது.

ஆட்சியாளரின் அடக்குமுறையை மிக வெளிப்படையாகப் பதிவு செய்த நகரம் பெர்லின். 1280ஆம் ஆண்டு முத்திரையில் பிராண்டன்பர்க் கழுகின் இருபுறமும் இரண்டு கரடிகள் நின்றன. 1448இல் நகர மக்கள் தங்கள் உரிமைகளுக்காக பிராண்டன்பர்க் இளவரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கை எதிர்த்துத் தோற்றார்கள். அதன் பின் வந்த முத்திரையில் கரடி நாலு காலில் நடக்கிறது; அதன் முதுகில் கழுகு நகங்களைப் பதித்து உட்கார்ந்திருக்கிறது. பல தலைமுறைகள் அந்த முத்திரை பதிந்த பத்திரங்களோடுதான் பெர்லின்காரர்கள் வாழ்ந்தார்கள். இன்று கேடயத்தில் கரடி தனியாக, நிமிர்ந்து நிற்கிறது.

பெயர் பேசும் படங்கள்

ஊர்ப்பெயரையே உருவமாக்கும் இலச்சினைகளை ஜெர்மானியர் ‘பேசும் இலச்சினை’ என்பார்கள். எழுத்தறியாதவர் நிறைந்த காலத்தில் முத்திரையைப் பார்த்ததும் ஊரைச் சொல்ல இதைவிட நல்ல வழியில்லை. குதிரைப் பண்ணையைச் சுற்றி எழுந்த ஸ்டுட்கார்டில் பொன்னின் மேல் கருங்குதிரை. கன்னி என்ற ஜெர்மன் சொல் பெயரில் ஒலிக்கும் மாக்டபர்கில் கோட்டைக்கு மேலே மலர்வளையம் ஏந்திய கன்னி. துறவிகளின் குடியிருப்பால் பெயர் பெற்ற மியூனிக்கில் 1239 முதல் முத்திரையில் துறவி. பெர்லினின் கரடியும் இந்த வகைதான் என்று கருத இடமுண்டு. ஆனால் நகரத்தின் பெயர், சதுப்புநிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் கருத்து. கரடியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடுள்ள ஒலியொற்றுமையே அந்த விலங்கை ஊருக்குள் அழைத்துவந்திருக்கலாம்.

மியூனிக் துறவிக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. ஓவியர்களும் கொல்லர்களும் வரைந்து வரைந்து, முக்காடிட்ட துறவி மெல்ல மெல்லச் சிறு குழந்தையாகிவிட்டார். இன்று அக்டோபர் திருவிழா ஊர்வலத்தில் துறவிக்குரிய கறுப்பும் பொன்னும் கலந்த அங்கியணிந்து முன்னே வருபவர் ஓர் இளம்பெண். அதிகாரப்பூர்வக் கேடயத்தில் மட்டும் துறவி மாறவில்லை. மன்றத்தின் பதிவு ஒரு பக்கம் நிலைக்க, மக்களின் கற்பனை மறுபக்கம் வளர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

ஆக்ஸ்பர்கின் பச்சைப் பைன் கூம்பு ரோமானியர் காலக் கல்லறைச் சிற்பங்களோடு நகரைப் பிணைக்கிறது. 13ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் அந்த இடத்தில் இருந்த உருவம் இவ்வளவு தெளிவானதல்ல. 15ஆம் நூற்றாண்டில் பழங்காலச் சின்னங்கள் மீது ஆர்வம் பெருகியபோதுதான் அது உறுதியாகப் பைன் கூம்பாயிற்று. ஹாலே நகரத்தின் செம்பிறைக்கும் இரண்டு விண்மீன்களுக்கும் உப்புத் தொழில் முதல் அன்னை மரியா வரை பல விளக்கங்கள் உண்டு. ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. முடிவான விளக்கமில்லாத சின்னத்தாலும் பல நூற்றாண்டுகளாக ஓர் ஊரைத் தாங்க முடிகிறது என்பதும் நாம் கவனிக்க வேண்டிய செய்தியே.

நிறத்தின் ஒழுங்கு, கொடியின் தேவை

கேடயக் கலையில் நிறங்கள் இரண்டு குழுக்கள். பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். வரையும்போது மஞ்சளும் வெள்ளையும் அவற்றுக்கு ஈடு. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை வண்ணங்கள். உலோகத்தின் மேல் உலோகமோ வண்ணத்தின் மேல் வண்ணமோ வரக்கூடாது. தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இந்த விதியின் நோக்கம். சிவப்பின் மேல் வெள்ளை ஏன் இத்தனை ஊர்களில் என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. வலம் இடம் என்பதும் பார்ப்பவருக்கல்ல, கேடயத்தை ஏந்தி நிற்பவருக்குரியது.

கொடியின் நிறங்கள் பெரும்பாலும் கேடயத்திலிருந்தே பிறக்கின்றன. இரண்டு பட்டைக் கொடியில் உருவத்தின் நிறம் மேலே, தளத்தின் நிறம் கீழே என்பது ஜெர்மனியில் பரவலான வழக்கம். நகரமன்றக் கட்டடங்களில் குறுக்குச் சட்டத்திலிருந்து நெடுக்காகத் தொங்கும் கொடிகளை நிறையக் காணலாம். காற்றில்லாத நாளிலும் இலச்சினை விரிந்து தெரியும் என்பது அந்த வடிவத்தின் பயன்.

ஹன்சா வணிக நகரங்களில் கொடி கேடயத்துக்கு நிகரான முதன்மை பெற்றது. கடலில் வரும் கப்பல் யாருடையது என்பது உயிரையும் சரக்கையும் சார்ந்த கேள்வி. லூபெக், ஹாம்பர்க், பிரெமன் மூன்றுக்கும் சிவப்பும் வெள்ளையுமே நிறங்கள், அடுக்குவதில்தான் வேறுபாடு. பிரெமன் கொடியில் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் மாறிமாறி வருகின்றன. கம்பத்தை ஒட்டிச் சதுரங்கக் கட்டம். கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றியிறைச்சித் துண்டை நினைவூட்டுவதால் மக்கள் அதை ‘பன்றிக்கொழுப்புக் கொடி’ என்று அன்போடு அழைக்கிறார்கள்.

ஆலையும் அணுவும்

19ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான கிராமங்களுக்கு இலச்சினை இல்லை. அது நகர உரிமையின் அடையாளமாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் நிலை மாறியது. ஓட்டோ ஹுப் (1859–1949) என்ற மியூனிக் வட்டாரக் கேடயக் கலைஞர் ஜெர்மன் நகரங்கள், சிற்றூர்களின் சின்னங்களையும் முத்திரைகளையும் திரட்டி வரைந்தார். பிரெமனைச் சேர்ந்த காஃபி ஹாக் நிறுவனம் அவர் வரைந்த படங்களைச் சேகரிப்பு வில்லைகளாக வெளியிட, வீடுகளில் அவற்றை ஒட்டிவைக்கும் ஆல்பங்கள் நிறைந்தன. அடுத்த ஊருக்கு இருப்பது நமக்கும் வேண்டும் என்ற விருப்பத்தை இவை வளர்த்தன.

தொழில் யுகம் புதிய உருவங்களைக் கொண்டுவந்தது. நிலக்கரி மண்டலத்தின் கெல்சன்கிர்ஷன் கேடயத்தில் சுரங்கத் தொழிலாளரின் இரண்டு சுத்தியல் கருவிகள் குறுக்காக நிற்கின்றன. எல்பர்ஃபெல்ட், பார்மன் முதலிய ஊர்களை 1929இல் இணைத்து உருவான வூப்பர்டாலின் இலச்சினை இந்தக் காலத்தின் நல்ல படைப்பு. டூசல்டார்ஃபில் கண்ட அதே பெர்க் செஞ்சிங்கம் இங்கும் உண்டு. அதனோடு எல்பர்ஃபெல்டின் பாதுகாவலரான புனித லாரன்ஸ் தீயில் வாட்டப்பட்ட இரும்புக் கிராதி. கீழே பார்மனின் நூல் சிட்டம். நூல் வெளுக்கும் தனியுரிமையை இவ்விரு ஊர்களும் 1527இல் பெற்றிருந்தன. ஆட்சி, சமயம், உழைப்பு மூன்றும் நெரிசலில்லாமல் ஒரே கேடயத்தில் அமர்ந்துவிட்டன.

எல்லா இணைப்பும் இப்படி அமையவில்லை. மேற்கு ஜெர்மனியில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய எல்லைச் சீரமைப்பால் ஏறத்தாழ 24,000 உள்ளாட்சிகள் 8,500 அளவுக்குக் குறைந்தன. பெயரை இழந்த ஊர்கள் தங்கள் உருவமாவது புதிய கேடயத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டன. நியாயமான கோரிக்கை அது. விளைவாகச் சில கேடயங்களில் ஆறும் ஏரும் கதிரும் கோபுரமும் மொய்த்தன. ஊர்களின் எண்ணிக்கையைக் கேடயத்தில் நிரப்புவதைவிட, அனைவரையும் பிணைக்கும் ஒன்றைத் தேடுவதே நல்ல வழி என்று கேடயக் கலைஞர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

மியூனிக்கை ஒட்டிய கார்ஷிங், 1957இல் இயங்கத் தொடங்கிய ஜெர்மனியின் முதல் ஆய்வு அணுஉலையின் முட்டை வடிவக் கூரையைத் தன் கேடயத்தில் வைத்தது. டான்யூப் கரையின் குண்ட்ரெமிங்கன் அணுவின் உருவத்தையே வைத்தது. அங்கிருந்த மின்உலை 2021 இறுதியில் நின்றது; 2023 ஏப்ரலில் ஜெர்மனி அணுமின்சாரத்தையே கைவிட்டது. அந்த அணு இனியும் இருக்கலாமா? இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு தலைமுறை எதை எதிர்காலம் என்று நம்பியதோ அதைக் காட்டும் சான்று அது. மதிலே இல்லாத நகரங்கள் மதிலைத் தாங்கி நிற்கும்போது, உலை நின்ற ஊர் அணுவைத் தாங்குவதில் முரண் இல்லை.

வாள்பிடியும் முகமும்

சில சின்னங்கள் கடினமான கேள்விகளை எழுப்புகின்றன. பவேரியாவின் கோபுர்கில் பாதுகாவலர் புனித மொரீஷியஸ். ஆப்பிரிக்கராகச் சித்திரிக்கப்படும் ரோமானியப் படைத்தலைவர். நகரக் கேடயத்தில் அவர் தலை கறுப்பு நிறத்தில் இருக்கிறது. 1929இல் நாஜிக் கட்சி பெரும்பான்மை பெற்ற முதல் ஜெர்மன் நகரமன்றம் கோபுர்குடையது. 1934இல் அந்தத் தலையை அகற்றி, பிடியில் சுவஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945இல் வாள் போய் மொரீஷியஸ் திரும்பினார். தடித்த உதடும் காதணியுமாக வரைந்திருக்கும் விதம் ஆப்பிரிக்கரை இழிவுபடுத்துகிறது என்ற குரல் 2020இல் வலுவாக எழுந்தது. நாஜிகள் நீக்கியதை நாமும் நீக்குவதா என்ற எதிர்க்குரலும் எழுந்தது.

இரண்டு குரல்களிலும் உண்மை இருக்கிறது. புனிதரைப் போற்றுவதற்கும், பிற்கால ஓவியர்கள் அவர் முகத்தில் ஏற்றிய இனக்கற்பனைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதைக் காத்துப் பின்னதைத் திருத்தும் வழி கேடயக் கலைக்குள்ளேயே இருக்கிறது. உருவம் எது என்பதைத்தான் மரபு உறுதி செய்கிறது. அதை வரையும் விதம் காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. ஃப்ரைசிங் ஆயர்களின் முடிசூடிய கருந்தலையைப் பதினாறாம் பெனடிக்ட் 2005இல் தம் திருத்தந்தை இலச்சினையில் ஏற்றதும் இந்த மரபின் நீட்சிதான்.

மான்ஹைமின் கேடயத்தில் உள்ள ‘ஓநாய்க் கொக்கி’ என்ற பழைய எல்லைக்குறி நிலைமையின் மறுபக்கம். நாஜிப் படைப்பிரிவு ஒன்று அதே வடிவத்தைத் தன் அடையாளமாகப் பயன்படுத்தியது. நகரம் அதைக் கைவிடவில்லை. தன் பழைய எல்லைக்குறியை அந்தப் படையின் உடைமையாக விட்டுக்கொடுக்காததும் ஒரு நிலைப்பாடே.

தீர்மானிப்பவர்கள்

இன்று இலச்சினையும் கொடியும் அந்தந்த மாநிலத்தின் உள்ளாட்சிச் சட்டத்துக்கு உட்பட்டவை. பவேரியாவில் புதிய சின்னம் ஏற்கவோ பழையதை மாற்றவோ விரும்பும் ஊர், மாநில ஆவணக் காப்பகங்களின் தலைமை இயக்ககத்திடம் ஆலோசனை பெற்றாக வேண்டும். அதன் கருத்தை ஏற்காவிட்டால் மேற்பார்வை அலுவலகத்துக்கு வரைவை அனுப்ப வேண்டும். முடிவெடுப்பது மன்றம், நினைவூட்டுவது ஆவணக் காப்பகம். இந்த ஏற்பாடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. சிவில் சட்டம் ஒருவரின் பெயரைப் பாதுகாப்பதைப் போலவே ஊரின் இலச்சினையையும் பாதுகாக்கிறது. யாரும் அனுமதியின்றி அதைத் தன் சரக்கில் அச்சிட முடியாது.

இக்காலத்தில் பல நகரங்கள் விளம்பரத்துக்கெனத் தனி லோகோ வைத்திருக்கின்றன. லோகோ நகரம் எப்படித் தெரிய விரும்புகிறது என்பதைச் சொல்லும். தேவை மாறினால் அதுவும் மாறும். இலச்சினைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. தோல்வியையும் அடிமைத்தனத்தையும் கடந்துபோன நம்பிக்கையையும் சேர்த்தே அது சுமக்கிறது. அதன் மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு நகரமன்றமும் தன் இலச்சினைக்குப் பக்கத்தில் நிற விளக்கப் பட்டியலை வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வோர் உருவமும் எந்த ஆண்டில், யார் முடிவால் உள்ளே வந்தது, எப்போது வெளியேற்றப்பட்டது என்பதை எழுதி வைக்கட்டும். புதிதாக வந்து குடியேறியவரும் அங்கேயே பிறந்தவரும் ஊரின் வரலாற்றை ஒரே நேரத்தில் அறிந்துகொள்ளலாம். அடுத்த முறை சின்னத்தை மாற்றுவதா காப்பதா என்ற விவாதம் வரும்போது, இரு தரப்பும் ஒரே சான்றிலிருந்து பேசத் தொடங்கலாம்.